எச்.ஐ.வி. உள்ளவரின் இதயத்தைப் படமெடுத்துப் பார்ப்பது எப்படி: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004-இல். அன்று முப்பது வயதில் மாத்திரையைத் தொடங்கி விடாமல் சாப்பிட்டு வருபவர் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவருடைய வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, அடக்கத்தில் இருக்கிறது, நோய் எதிர்ப்புச் செல்களின் அளவான சி.டி.4 எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, காசநோய் வந்துபோய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இனி அவர் பயப்பட வேண்டியவற்றில் முன்வரிசையில் நிற்பவை மாரடைப்பும் இதயச் செயலிழப்பும்தான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொற்றுள்ளவருக்கு இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்று தெரிகிறது. வைரஸ் அடங்கியிருந்தாலும் உடலுக்குள் தணியாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, சில மருந்துகளால் கூடும் கொழுப்பும் எடையும், கூடவே பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலையை உண்டாக்குகின்றன.

இதயத்தைப் படமெடுக்க இன்று எக்கோ (ஒலி அலைகளால் எடுப்பது), சி.டி., எம்.ஆர்.ஐ. எனப் பல வழிகள் உள்ளன. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல் எடுக்கும் ஸ்கேன், பணத்தையும் ஒரு நாள் கூலியையும் தின்றுவிட்டுக் கேள்வியை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். ஆகவே எந்தப் படம், யாருக்கு, எப்போது, அதற்கு எப்படித் தயாராவது, வந்த அறிக்கையை எப்படிப் படிப்பது என்ற வரிசையில் இந்த வழிகாட்டி செல்கிறது. இதைப் படிக்கும் நேரத்தில் நெஞ்சில் பாரமோ, இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, திடீர் மூச்சுத் திணறலோ இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குச் சென்று உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் விஷயமல்ல அது.

முதல் படி: ஸ்கேனுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் தரும் சிகிச்சைப் புத்தகத்தில் இதய மருத்துவருக்கு வேண்டிய பாதி வரலாறு இருக்கிறது. சி.டி.4 எண்ணிக்கை மிகக் குறைவாக இறங்கியது எவ்வளவுக்கு, சிகிச்சை எந்த வருடம் தொடங்கியது, வைரஸ் அடங்காமல் இருந்த காலம் உண்டா, எந்தெந்த மருந்துகள் மாற்றப்பட்டன என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சி.டி.4 ஒரு காலத்தில் 350-க்குக் கீழே போயிருந்தாலோ, சிகிச்சை தாமதமாகத் தொடங்கியிருந்தாலோ, கூடவே ஹெபடைட்டிஸ் சி தொற்று இருந்தாலோ இதய ஆபத்து மேலும் கூடுகிறது.

மருந்துப் பெயர்கள் மிக முக்கியம். இன்று பெரும்பாலானோர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த டி.எல்.டி. மாத்திரை. பழைய நோயாளிகளில் பலர் தொடக்கத்தில் ஸ்டாவுடினும் ஜிடோவுடினும் சாப்பிட்டவர்கள். கன்னம் ஒட்டி வயிறு பெருத்த உடல்வாகு ஸ்டாவுடின் விட்டுச்சென்ற தடமாக இருக்கலாம். அபாகாவிர் எடுப்பவர்களிடம் மாரடைப்பு சற்று அதிகமாகக் காணப்பட்டதாக ஆய்வுகள் சொல்கின்றன. அட்டாசனாவிர், லோபினாவிர் போன்றவற்றோடு ரிட்டோனாவிர் சேர்த்து எடுக்கும் இரண்டாம் கட்ட சிகிச்சையில் இருப்பவர் அதைக் கட்டாயம் குறித்துவைக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் அறையில் தரப்படும் மருந்துகளோடு ரிட்டோனாவிர் மோதும் என்பதை நான்காம் படியில் பார்ப்போம்.

அடுத்தது ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, வெறும் வயிற்றில் கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் ஆகியவை. ஹீமோகுளோபினை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜிடோவுடின் ரத்தசோகையை உண்டாக்கக்கூடிய மருந்து. ஹீமோகுளோபின் 7-இல் இருப்பவருக்கு மாடி ஏறினால் மூச்சிரைப்பதற்கு இதயம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு எக்கோவுக்கு முன்பே ரத்தப் பரிசோதனையில் விடை கிடைத்துவிடும்.

இவற்றோடு ஓர் இ.சி.ஜி. போதும். பழைய மாரடைப்பின் தடம், தாள மாறுபாடு, இடது இதயத் தசை தடித்திருப்பதன் அறிகுறி ஆகியவற்றை அது காட்டும். ஆனால் இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்பதால் இதயம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

இரண்டாம் படி: கேள்வியைத் தீர்மானித்தல்

எந்தத் தொல்லையும் இல்லாத, நாற்பது வயதுக்குட்பட்ட, புகையிலைப் பழக்கமும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இதய ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. அப்படி எல்லோருக்கும் வழக்கமாக எடுக்கச் சொல்லும் பொதுப் பரிந்துரை எதுவும் இல்லை. தனியார் மருத்துவமனைகளின் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' தொகுப்பில் எக்கோவும் டிரெட்மில்லும் சேர்ந்தே வருகின்றன. தேவையில்லாதவருக்கு எடுத்த அந்த 'நார்மல்' அறிக்கை பீடியை விடாமலிருக்க ஒரு சாக்காக மாறுவதுதான் மிச்சம்.

படம் தேவைப்படுகிறவர்களின் கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். மூச்சிரைப்பு, கால் வீக்கம், படபடப்பு, மயக்கம், காய்ச்சலோடு நெஞ்சுவலி ஆகியவை இருந்தால், இதயத்தின் பம்பிங், வால்வுகள், இதய உறை, நுரையீரல் தமனியின் அழுத்தம் எப்படி இருக்கின்றன என்பது கேள்வி, அதற்கு எக்கோ. நடந்தால் நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறது என்றால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கொரோனரி குழாய்களில் அடைப்பு உண்டா என்பது கேள்வி; அதற்கு சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது உடலுக்கு உழைப்புக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை. பம்பிங் குறைந்திருக்கிறது, ஆனால் காரணம் தெரியவில்லை என்றால் தசைக்கு என்ன ஆனது என்பது கேள்வி, அதற்கு எம்.ஆர்.ஐ.

இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் அன்றாடம் நடக்கிறது. "போன மாசம்தான் எக்கோ எடுத்தேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்று நெஞ்சுவலியைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். மோட்டார் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்துக் குழாய்க்குள் பாசி அடைக்கவில்லை என்று எந்த விவசாயியும் முடிவுக்கு வரமாட்டார். எக்கோ காட்டுவது மோட்டாரைத்தான். கொரோனரி குழாய் எழுபது சதவீதம் அடைத்திருந்தாலும் ஓய்வில் எடுத்த எக்கோ முழுக்கச் சரியாக இருக்கக்கூடும்.

மூன்றாம் படி: எக்கோ

வெறும் வயிறு வேண்டாம், ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் எடுக்கலாம். எக்கோவைப் போலக் கொடுத்த காசுக்கு இவ்வளவு செய்தி தரும் பரிசோதனை இதய மருத்துவத்தில் வேறில்லை என்பது என் கருத்து. இடது பக்கமாகச் சாய்ந்து, இடது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொல்வார்கள். இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரவும் விலா இடைவெளி விரியவும் அதுவே வசதி. குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை நெஞ்சில் அழுத்தி நகர்த்துவார்கள். முழுமையாகப் பார்க்க இருபது நிமிடமாவது வேண்டும். மூன்று நிமிடத்தில் முடிந்த எக்கோவில் பம்பிங் தெரிந்திருக்கும். நுரையீரல் அழுத்தத்தையும் இதயம் விரியும் தன்மையையும் அளந்திருக்க வாய்ப்பில்லை.

பரிசோதனைச் சீட்டில் 'எக்கோ' என்ற ஒரே சொல் இருந்தால் எடுப்பவர் பொதுவாகப் பார்த்து அனுப்பிவிடுவார். 'ஏழு வருடமாகக் கூட்டு மருந்து சிகிச்சை, காசநோய் சிகிச்சை முடித்தவர், இரண்டு மாதமாக மாடி ஏறினால் மூச்சிரைப்பு. வலது இதயம், நுரையீரல் தமனி அழுத்தம், இதய உறை, இடது இதயம் விரியும் தன்மை ஆகியவற்றைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தால் அதே கருவி, அதே அறையில் வேறோர் அறிக்கையைத் தரும். சீட்டு எழுதும் மருத்துவரிடம் அப்படி எழுதித் தரும்படி கேட்பதில் தவறே இல்லை.

அறிக்கை வந்ததும் எல்லோரும் தேடுவது இ.எஃப். என்ற எண்ணை. இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. ஆண்களுக்கு 52-க்கு மேலும் பெண்களுக்கு 54-க்கு மேலும் இருந்தால் சரி. நூறை எதிர்பார்க்கக் கூடாது. 60 சதவீதம் என்றதும் 'நாற்பது சதவீதம் போய்விட்டதே' என்று பதறுபவர்கள் உண்டு, 60 நல்ல எண். கூட்டு மருந்து வருவதற்கு முன்பு, சி.டி.4 அடியோடு இறங்கியவர்களுக்கு இதயம் பலூன்போல வீங்கி இ.எஃப். இருபதுக்கும் முப்பதுக்கும் போவது அடிக்கடி காணப்பட்டது. இன்று சிகிச்சையில் இருப்பவர்களிடம் அது குறைந்துவிட்டது. அதன் இடத்தில், இ.எஃப். சரியாக இருந்தும் இதயம் விறைத்துப்போய் விரிய மறுக்கும் நிலை அதிகம் தெரிகிறது.

அந்த விறைப்பை அறிய, அறிக்கையில் 'டயஸ்டாலிக்' என்று தொடங்கும் பகுதியைப் பாருங்கள். ஈ/ஈ-பிரைம் என்ற விகிதம் சராசரியாக 14-ஐத் தாண்டியிருப்பதும், இடது மேலறையின் கொள்ளளவு உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 34 மி.லி.யைத் தாண்டியிருப்பதும், வலப்பக்க வால்வுக் கசிவின் வேகம் நொடிக்கு 2.8 மீட்டரைத் தாண்டியிருப்பதும் இதயத்துக்குள் அழுத்தம் ஏறியிருப்பதன் அடையாளங்கள். ஒன்று மட்டும் தாண்டியிருந்தால் பயப்பட வேண்டாம், பல சேர்ந்து வந்தால் மருத்துவர் விளக்கம் தர வேண்டும். நவீனக் கருவிகளில் 'ஸ்ட்ரெய்ன்' என்ற அளவும் கிடைக்கும். தசை நார்கள் நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகின்றன என்று அது சொல்லும். மைனஸ் 20 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரி. மைனஸ் 16-க்கும் குறைந்த சுருக்கம், இ.எஃப். இறங்குவதற்கு முன்பே வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். ஆனால் கருவிக்குக் கருவி இந்த எண் மாறும். அடுத்த முறையும் அதே இடத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

நுரையீரல் தமனி அழுத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு நுரையீரல் தமனிகளே சுருங்கி அழுத்தம் ஏறும் நோய் வருகிறது. பொதுமக்களிடம் அது மிக மிக அரிது. சி.டி.4 நன்றாக இருப்பவருக்கும் வரும் என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். மேலே சொன்ன கசிவின் வேகம் 3.4 மீட்டரைத் தாண்டினால் வாய்ப்பு அதிகம், 2.8-க்கும் 3.4-க்கும் இடையில் இருந்தால் வலது கீழறை பெருத்திருக்கிறதா, இடைச்சுவர் தட்டையாகியிருக்கிறதா என்று சேர்த்துப் பார்ப்பார்கள். நம் பகுதியில் பழைய காசநோய் விட்டுச்சென்ற நுரையீரல் தழும்பும் புகைப்பழக்கத்தால் வந்த நுரையீரல் நோயும் இதே படத்தைத் தரக்கூடும். எக்கோ சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதி செய்ய வலது இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அளக்க வேண்டும். எக்கோ எண்ணை மட்டும் வைத்து இதற்கான மருந்தைத் தொடங்கக் கூடாது. இந்நோய்க்குத் தரும் சில்டெனாஃபிலை ரிட்டோனாவிரோடு சேர்க்கவே கூடாது என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

இதய உறையில் நீர் கோத்திருப்பது எக்கோ கண்டுபிடிக்கும் இன்னொன்று. நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவருக்கு உறையில் நிறைய நீர் இருந்தால் முதல் சந்தேகம் காசநோய்தான். நீரின் தடிமன் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சிறிது, 20-ஐத் தாண்டினால் அதிகம். ஆனால் அளவைவிட வேகம் ஆபத்தானது. விரைவாகச் சேர்ந்த கொஞ்ச நீர்கூட வலது கீழறையை உள்ளே அமுக்கி ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். எக்கோ திரையில் அந்த அறை ஒவ்வொரு துடிப்பிலும் உள்நோக்கி மடங்குவது தெரியும். அப்போது நீரை உடனே வடிக்க வேண்டும். வடித்த நீரைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்பதை மறக்காதீர்கள். காசநோய் உறுதியாகி ரிஃபாம்பிசின் தொடங்கினால், டோலுடெக்ராவிர் 50 மி.கி. நாளுக்கு இரண்டு வேளையாகும். இந்த மாற்றத்தை இதயப் பிரிவில் யாரும் கவனிக்காமல் விட்டுவிடலாம்; ஏ.ஆர்.டி. மையத்துக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும்.

எக்கோவில் வாத நோயால் சுருங்கிய மைட்ரல் வால்வு தெரிந்தால் அது சிறுவயதுத் தொண்டைத் தொற்றின் பின்விளைவு, எச்.ஐ.வி.யோடு அதற்குத் தொடர்பில்லை.

நான்காம் படி: சி.டி. ஸ்கேன்

இதில் இரண்டு வகை. முதலாவது கால்சியம் ஸ்கோர்: மருந்து ஏற்றாமல், ஒருமுறை மூச்சடக்கி எடுப்பது, கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவெர்ட். குழாய்ச் சுவரில் சுண்ணமாக இறுகிய கொழுப்புப் படிவுகளை மட்டும் எண்ணும். பூச்சியம் நல்லது, 100-ஐத் தாண்டினால் கவனம், 400-ஐத் தாண்டினால் படிவு மிக அதிகம். இரண்டாவது சி.டி. ஆஞ்சியோகிராம்: கையில் ஊசி வழியே அயோடின் சாயம் ஏற்றிக் குழாயின் உட்புறத்தையே பார்ப்பது. நவீனக் கருவிகளில் சுமார் 2 முதல் 5 மில்லிசீவெர்ட் ஆகும். இயற்கையாகவே உலகில் ஒருவர் மேல் வருடத்துக்குச் சுமார் 2.4 மில்லிசீவெர்ட் விழுகிறது என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பொறுத்தவரை கால்சியம் பூச்சியம் என்பதை முழு நிம்மதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அழற்சியால் உருவாகும் படிவுகள் பெரும்பாலும் மென்மையானவை, இன்னும் சுண்ணமாக இறுகாதவை. வெடித்து மாரடைப்பை உண்டாக்குபவையும் அவைதான். 'ரிப்ரீவ்' என்ற பன்னாட்டு ஆய்வின் ஒரு பிரிவாக, கணக்குப்படி இதய ஆபத்து குறைவு என்று கருதப்பட்ட, அறிகுறி எதுவும் இல்லாத தொற்றுள்ளவர்களுக்கு அமெரிக்காவில் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தபோது ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குழாய்களில் படிவு இருந்தது. கால்சியமே இல்லாதவர்களிலும் சிலருக்கு இருந்தது.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் சி.டி. எடுக்க ஓட வேண்டியதில்லை என்பதைச் சொல்வதும் அதே ஆய்வுதான். 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 தொற்றுள்ளவர்களில் ஒரு பாதிக்கு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான பிட்டாவாஸ்டாட்டின் 4 மி.கி.யும் மறுபாதிக்கு மருந்தில்லாத மாத்திரையும் தரப்பட்டன. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் மருந்து எடுத்தவர்களுக்கு 35 சதவீதம் குறைந்தன என்று 2023-இல் முடிவு வெளியானது. ஸ்கேனில் படிவு தெரிந்தவருக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுக்கவில்லை. ஆகவே நாற்பதைத் தாண்டிய, அறிகுறி இல்லாத ஒருவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எனக்கு சி.டி. வேண்டுமா' என்பதைவிட 'எனக்கு ஸ்டாட்டின் வேண்டுமா' என்பதே. மாத்திரை சாப்பிடலாமா வேண்டாமா என்று தயங்குபவருக்கு முடிவெடுக்க உதவும் கருவியாகக் கால்சியம் ஸ்கோருக்கு இடமுண்டு. நெஞ்சுவலி உள்ளவருக்கு சி.டி. ஆஞ்சியோகிராமே பொருத்தம்.

சி.டி. ஆஞ்சியோகிராமுக்குத் தயாராவதில்தான் எச்.ஐ.வி. மருந்துகள் உண்மையில் குறுக்கிடுகின்றன. இப்பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சிறுநீரகம். சாயம் ஏற்றும் முன் கிரியாட்டினின் பார்ப்பார்கள். டோலுடெக்ராவிர், கிரியாட்டினின் சிறுநீரில் கழியும் வழியைத் தடுப்பதால், சிறுநீரகம் பழுதாகாமலேயே அந்த எண் சுமார் 0.1 முதல் 0.2 வரை ஏறும். தொடங்கிய சில வாரங்களில் ஏறி அங்கேயே நிற்கும். இது தெரியாத ஸ்கேன் மையத்தில் '1.3 இருக்கிறது, சாயம் ஏற்ற முடியாது' என்று திருப்பி அனுப்பக்கூடும். மறுபக்கம், டெனோஃபோவிர் சிறுநீரகத்தை உண்மையிலேயே பாதிக்கக்கூடிய மருந்து. நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் கிரியாட்டினினை டோலுடெக்ராவிர் மேல் பழிபோட்டு விட்டுவிடவும் கூடாது. அதனால் கடைசி இரண்டு மூன்று முறை எடுத்த கிரியாட்டினின் முடிவுகளைக் கையோடு கொண்டுபோங்கள். கணக்கிட்ட வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருந்தால்தான் பெரிய தயக்கம் வேண்டும். அந்த நிலையில் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினையும் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்ற விதி ஸ்கேன் இல்லாவிட்டாலும் உண்டு.

அடுத்தது நாடித்துடிப்பு. இதயம் அசையும் உறுப்பு என்பதால் துடிப்பு நிமிடத்துக்கு 60 அல்லது 65-க்குள் இருந்தால்தான் படம் கலங்காமல் வரும். அதற்காக மெட்டோப்ரோலால் மாத்திரை தருவார்கள். ஆஸ்துமாவோ, மூச்சுக்குழாய் இறுகும் நோயோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அட்டாசனாவிர் இதயத்தின் மின்கடத்தலை மெதுவாக்கக்கூடியது. அதை எடுப்பவருக்குத் துடிப்பைக் குறைக்கும் மருந்து தரும் முன் இ.சி.ஜி.யை ஒருமுறை பார்ப்பது நல்லது. மெட்டோப்ரோலால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பல மையங்களில் இவாப்ராடின் தருவது வழக்கம். ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு இவாப்ராடின் கூடவே கூடாது. அதன் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறித் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஸ்கேன் மேசையில் படுத்திருக்கும்போது இதைப் பேச நேரமிருக்காது, நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

குழாய்களை விரிக்க நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் தெளிப்பார்கள். ஆண்மைக் குறைவுக்கும் சாப்பிடப்படும் மருந்துகளான சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரமும் டடாலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரமும் ஆகாமல் இதைத் தரக் கூடாது. ரிட்டோனாவிர் கூட இருந்தால் அவை உடலில் இன்னும் நீண்ட நேரம் தங்கும். கேட்கக் கூச்சப்படும், சொல்லவும் கூச்சப்படும் விஷயம் இது. கூச்சப்பட்டு மறைத்தால் ரத்த அழுத்தம் சட்டென விழுந்துவிடும்.

காபி, தேநீரை முதல் நாள் இரவோடு நிறுத்துங்கள். கூட்டு மருந்து மாத்திரையை மட்டும் ஒருபோதும் நிறுத்த வேண்டாம். 'வெறும் வயிற்றோடு வாருங்கள்' என்று சொன்னாலும் ஒரு மிடறு தண்ணீரோடு வழக்கமான நேரத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். சாயம் ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சட்டென ஒரு சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். போகவில்லை, சில நொடிகளில் அடங்கிவிடும். அந்த நொடியில் பதறி மூச்சை விட்டால் படம் கெடும் என்பதால் முன்பே தெரிந்திருப்பது நல்லது.

ஐந்தாம் படி: மற்ற பரிசோதனைகள்

டிரெட்மில் எளிதில் கிடைக்கும், செலவு குறைவு. ஆனால் பெண்களுக்கும் இ.சி.ஜி.யில் ஏற்கெனவே மாறுபாடு உள்ளவர்களுக்கும் தவறான முடிவு தருவது அதிகம். நடக்க முடியாதவருக்கு டோபுட்டமின் ஊசி போட்டு எடுக்கும் எக்கோவோ, அணு மருத்துவப் படமோ உண்டு. கழுத்துக் குழாயை அல்ட்ராசவுண்டில் பார்த்துப் படிவு இருக்கிறதா என்று அறிவது பயன்படும். சுவரின் தடிமனை மட்டும் அளந்து ஆபத்தைக் கணிப்பதை வழக்கமாகச் செய்யப் பரிந்துரைப்பதில்லை.

எம்.ஆர்.ஐ.தான் தசையின் நிலையைச் சொல்லும். அழற்சி, தழும்பு, தசைக்குள் படியும் கொழுப்பு ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும். வைரஸ் அடங்கியவர்களிடமும் தழும்பு கூடுதலாக இருப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கதிர்வீச்சு இல்லை. நாற்பது ஐம்பது நிமிடம் குறுகிய குழாய்க்குள் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சடக்க வேண்டும். காரணம் தெரியாமல் இ.எஃப். குறைந்தவருக்கு இது தேவை. மற்றவர்களுக்கு ஆய்வாளரின் ஆர்வத்தைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் இல்லை.

ஆறாம் படி: எங்கே போவது, யாரிடம் சொல்வது

கடலூர் மாவட்டத்தில் இருப்பவர் தொடங்க வேண்டிய இடம் தன் ஏ.ஆர்.டி. மையமே. அங்கிருந்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதித் தருவார்கள். புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும், கோரிமேட்டில் திண்டிவனம் சாலையில் உள்ள ஜிப்மரும் உண்டு. இதயப் பிரிவுக்குப் பெரிய இடம் ஜிப்மர்தான். கடலூரிலிருந்து பேருந்தில் போவோர் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி மாற வேண்டியிருக்கலாம், பதிவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுத் திட்டம். மாநில எல்லையைத் தாண்டிய மருத்துவமனையில் உங்களுக்கு வேண்டிய பரிசோதனைக்கு அது செல்லுமா என்று முன்பே விசாரியுங்கள்.

சொந்த ஊரில் தெரிந்த முகங்கள் கண்ணில் படும் என்று கடலூர்க்காரர் புதுச்சேரிக்கும் புதுச்சேரிக்காரர் கடலூருக்கும் போவதை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊர் மாறிப் போய், தொற்று இருப்பதையே இதய மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பது வேறு. மேலே சொன்ன ரிட்டோனாவிர் ஆபத்து அத்தனையும் அந்த மௌனத்தில்தான் ஒளிந்திருக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். சீட்டை வாங்கி வரிசை எண் போடுபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஏ.ஆர்.டி. மருத்துவரிடமிருந்து ஒட்டிய உறையில் கடிதம் வாங்கிப் போவது நடைமுறைக்கு ஒத்த வழி.

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும், சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதையும் அது தடைசெய்கிறது. ஒருவருடைய நிலையை, அவருக்குச் சிகிச்சை தரும் இன்னொரு மருத்துவருக்குத் தேவை கருதிச் சொல்லலாம். கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதி வராந்தாவில் வைக்க எவருக்கும் உரிமையில்லை. எக்கோ கருவி தோலின் மேல் மட்டுமே படுவதால் அதனால் தொற்று பரவ வழியே கிடையாது. 'கடைசியாக எடுக்கிறோம், காத்திருங்கள்' என்று சொல்வதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. புகார் இருந்தால் மருத்துவமனையின் புகார் அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கலாம். 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவ நிறுவனம் அப்படி ஒருவரை நியமித்தாக வேண்டும்.

ஏழாம் படி: முடிவு வந்த பிறகு

எக்கோ சரியாக இருந்து அறிகுறியும் இல்லையென்றால் வருடாவருடம் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. புதிதாக மூச்சிரைப்போ வீக்கமோ வந்தால் எடுக்கலாம். விறைப்பு மட்டும் தெரிந்தால் ரத்த அழுத்தத்தையும் எடையையும் கட்டுக்குள் கொண்டுவருவதே சிகிச்சை. டோலுடெக்ராவிரில் எடை ஏறுவதுண்டு என்பதால் இதை ஏ.ஆர்.டி. மையத்தில் பேச வேண்டும். இ.எஃப். குறைந்தவருக்கு மருந்து தொடங்கிச் சுமார் மூன்று மாதத்தில் மறு எக்கோ எடுப்பது வழக்கம். உறை நீருக்குச் சிகிச்சை எடுப்பவருக்கு அதைவிட விரைவாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நீர் வற்றிய பின்னும் உறை தடித்து இறுகிக்கொள்கிறதா என்று கவனிக்க வேண்டியிருப்பதால் காசநோய் மருந்து முடியும்போது ஒன்று கட்டாயம்.

சி.டி.யில் படிவு தெரிந்தால் ஸ்டாட்டின் தொடங்கும், அப்போது எந்த ஸ்டாட்டின் என்று கேளுங்கள். ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டினும் லோவாஸ்டாட்டினும் கூடாது, தசை நார்கள் கரையக்கூடும். ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி.க்கு மேல் போகாமலும் அடோர்வாஸ்டாட்டின் குறைந்த அளவிலும் தருவார்கள். பிட்டாவாஸ்டாட்டினுக்கு இந்தத் தொல்லை இல்லை. டி.எல்.டி. எடுப்பவருக்கு எந்த ஸ்டாட்டினும் பெரிய சிக்கலில்லை. ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் டிகாக்ரெலார் ரிட்டோனாவிரோடு ஒத்துப்போகாது என்பதையும் அந்த ஒட்டிய உறைக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டாட்டின் தொடங்கிய ஒரு வருடத்தில் 'மருந்து வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று கால்சியம் ஸ்கோரைத் திரும்ப எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாட்டின் மென்மையான படிவைச் சுருக்கி இறுகச் செய்வதால், மருந்து நன்றாக வேலை செய்யும்போதே அந்த எண் ஏறக்கூடும். ஏறிய எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்தின் பலனை அறிய வெறும் வயிற்றில் எடுக்கும் கொழுப்புப் பரிசோதனை போதும்.